ஸ்ரீபெரும்புதூர் இலையும் அண்டார்டிகா இலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பள்ளிகளுக்கு ஒரு சின்ன மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தாவரப் புதைபடிவங்களைக் காட்டிப் பேசுவது என் சனிக்கிழமை வேலை. பெட்டியில் இருப்பவை அதிகமில்லை. நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த இலைக்கல் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வெளிறிய களிக்கல் ஒன்று, பாலிஷ் போட்ட கல்மரத் துண்டு ஒன்று, இரண்டு கைலென்ஸ். பிள்ளைகள் வகுப்பில் கேட்பதும், ஆசிரியர்களும் பெற்றோரும் அப்புறம் வாசலில் நிறுத்திக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

புதைபடிவம் என்றால் செடி கல்லாக மாறிவிட்டது என்று அர்த்தமா?

சில சமயம் அப்படி, பல சமயம் இல்லை. சேற்றில் விழுந்த இலை அழுகிப்போய், அதன் அச்சு மட்டும் களிமண்ணில் தங்கி, அந்தக் களிமண் பாறையாக இறுகினால் அது இலைப் பதிவு. ஈரச் சிமெண்டில் விழுந்த வேப்பிலை தடம் விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். இலையின் பொருள் கரியாகி மெல்லிய கறுப்புப் படலமாக ஒட்டியிருந்தால் இன்னும் அதிர்ஷ்டம். அந்தப் படலத்தை அமிலத்தில் ஊறவைத்துப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகள் வரை தெரியும். மூன்றாவது வகைதான் கல்மரம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து நிரம்பிக் கெட்டியாகிவிடும். என் பெட்டியிலுள்ள துண்டில் ஆண்டு வளையங்களைக் கைலென்ஸ் இல்லாமலே எண்ணலாம்.

நிலத்தில் முதலில் முளைத்த செடி எது?

முதல் செடியின் உடல் கிடைக்கவில்லை, அதன் வித்திகள்தான் (பாசியும் பெரணியும் விதைக்குப் பதிலாக உதிர்க்கும் தூசி போன்ற துகள்கள்) கிடைத்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் பாறைகளில் சுமார் 47 கோடி ஆண்டுப் பழமையான வித்திகள் இருக்கின்றன. உறை தடிப்பாக இருந்ததால் அழுகாமல் தப்பின. அவற்றை உதிர்த்தவை இன்றைய ஈரச் சுவரோரப் பாசிகளைப் போல, தரையோடு படர்ந்த சின்னஞ்சிறு செடிகளாக இருந்திருக்க வேண்டும்.

கண்ணால் பார்க்கக்கூடிய உடலோடு கிடைத்தவற்றில் மிகப் பழையது குக்சோனியா. அயர்லாந்தின் டிப்பெரரி பகுதியிலும் செக் நாட்டிலும் சுமார் 43 கோடி ஆண்டுப் பழமையான மாதிரிகள் கிடைத்துள்ளன. உயரம் சில சென்டிமீட்டர்தான். இலை இல்லை, பூ இல்லை, விதை இல்லை. வெறும் தண்டு இரண்டாகக் கவைத்து, அந்தக் கிளை மறுபடி இரண்டாகக் கவைத்து, நுனியில் வித்திகள் நிறைந்த குட்டிக் குமிழ் ஒன்று. கடுகு தாளிக்கும் கரண்டியில் நாலைந்து செடிகளை அடக்கிவிடலாம். 1937இல் இதற்குப் பெயர் வைத்தவர் மான்செஸ்டரில் இருந்த டபிள்யூ. எச். லாங். ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் இசபெல் குக்சனின் பெயரை வைத்தார்.

இலையும் வேரும் இல்லாமல் எப்படிப் பிழைத்தது?

இதற்கு மிக நல்ல பதில் ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தில் இருக்கிறது. 1910களின் தொடக்கத்தில் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் அந்தப் பக்கத்தில் சில விநோதக் கற்களைக் கவனித்தார். தீக்கல் போன்ற கெட்டியான சிலிக்காப் பாறை. மெல்லியதாக அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துப் பார்த்தால் உள்ளே செடிகள், நட்ட வாக்கில், செல் செல்லாக!

நடந்தது இதுதான். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த சுடுநீர் அவ்வப்போது பொங்கி, பக்கத்துச் சதுப்பில் வளர்ந்த செடிகளை அப்படியே மூழ்கடித்தது. அழுகுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் தண்டின் நடுவே நீர் ஏற்றும் குழாய்கள், தண்டின் தோலில் காற்று வாங்கும் துளைகள், தரையோடு படர்ந்த பகுதியில் வேர்மயிர் போன்ற இழைகள் எல்லாம் தெரிகின்றன. பச்சைத் தண்டே இலையின் வேலையைப் பார்த்திருக்கிறது. நம் ஊர்க் கள்ளியும் அதைத்தானே செய்கிறது?

எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விஷயம். அந்தச் செடிகளின் செல்களுக்குள் பூசண இழைகள் மரம்போலக் கிளைத்திருப்பது தெரிகிறது. பூசணம் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிக் கொடுக்க, செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கி நாற்றுக்குப் போடுகிறார்களே, அந்த வேர் உட்பூசணத்தின் பழைய உறவு அது. உண்மையான வேர் பிறப்பதற்கு முன்பே இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் எல்லாக் கண்டத்திலும் ஒரே செடிகள்தானா?

ஓரளவுக்கு. குக்சோனியா பிரிட்டனில் கிடைக்கிறது, வட அமெரிக்காவில் கிடைக்கிறது, பொலிவியாவிலும் பிரேசிலிலும்கூடக் கிடைக்கிறது. வித்தி என்பது தூசி மாதிரி. காற்று தூக்கிக்கொண்டு போனால் கடலும் பெரிய தடையில்லை.

ஆனால் ஆஸ்திரேலியா ஒரு ஆச்சரியம் வைத்திருந்தது. விக்டோரியா மாநிலத்தில் யே என்ற ஊர்ப் பக்கம் பராக்வநாத்தியா என்ற செடி கிடைத்தது. 1935இல் லாங்கும் குக்சனும் சேர்ந்து விவரித்தார்கள். தண்டு முழுக்க ஊசி ஊசியாக இலைகள், புட்டி கழுவும் பிரஷ் மாதிரி. அதே பாறையில் கிராப்டோலைட் என்ற கடல் உயிரிகளின் தடங்கள் இருந்ததால் காலத்தைக் கணிக்க முடிந்தது. வடக்கே குக்சோனியா போன்ற மொட்டைத் தண்டுகள் நின்ற சைலூரியன் என்ற காலத்திலேயே தெற்கே இலை போர்த்திய செடி! அப்படியானால் தாவரங்களின் கதை ஒரே இடத்தில் தொடங்கி வரிசையாகப் பரவியது என்று சொல்லிவிட முடியாது. எங்கே தேடினோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறுகிறது.

பிறகு மரங்கள் வந்தன. நியூயார்க் மாநிலத்தில் கில்போவா என்ற இடத்தில் சுமார் 38.5 கோடி ஆண்டுப் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. விதை வந்தது, காடு அடர்ந்தது. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலத்தில், உலகத்தின் தாவரங்கள் தெளிவாக நான்கு கூட்டங்களாகப் பிரிந்திருந்தன. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஒன்று, சீனப் பகுதி ஒன்று, சைபீரியா ஒன்று, நாம் இருந்த தெற்குக் கூட்டம் ஒன்று.

அந்தத் தெற்குக் கூட்டத்தின் அடையாளம் என்ன?

குளோசாப்டெரிஸ். என் பெட்டியில் அதிகம் கைபட்ட கல் இதுதான். ஒரு சாண் நீளம், மாவிலை அகலம், நாக்கு வடிவம். கிரேக்கத்தில் பெயருக்கே ‘நாக்குப் பெரணி’ என்றுதான் பொருள். ஆனால் பெரணி இல்லை, விதை வைத்த மரம். நடு நரம்பிலிருந்து கிளம்பும் சிறு நரம்புகள் ஒன்றோடொன்று பின்னி வலை மாதிரி இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வலை எழுந்து தெரியும். அந்த நொடியில் பிள்ளைகள் வகுப்பே அமைதியாகிவிடும்.

1828இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிராங்னியார் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இந்திய மாதிரியும் ஆஸ்திரேலிய மாதிரியும் இருந்தன. அப்புறம் தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா என்று வரிசையாகக் கிடைத்தது. ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் சூயஸ் இந்தத் தெற்கு நிலங்களைச் சேர்த்துக் கோண்டுவானா நிலம் என்றார். மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பாறைகளுக்கு ஏற்கெனவே இருந்த பெயர் அது. அந்த மக்கள் பேசும் கோண்டி, தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் ஒரு பெருங்கண்டத்தின் பெயர் நம் உறவுக்காரர்களின் பெயர் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை.

இது சென்னைக்கு அந்நியமான செடியும் இல்லை. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வெட்டிய நிலக்கரி பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூர் வந்து, வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அந்த நிலக்கரியின் பெரும்பகுதி குளோசாப்டெரிஸ் காடுகளின் மிச்சம்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வேறு, அது பூக்கும் தாவரங்கள் வந்த பிறகு உண்டான, மிக இளைய கரி.

விதை கடலில் மிதந்து மற்ற கண்டங்களுக்குப் போயிருக்கக் கூடாதா? தேங்காய் போகிறதே?

நல்ல கேள்வி. ஒரு ஏழாம் வகுப்புப் பெண் இதே தேங்காய் உதாரணத்தோடு கேட்டாள். தென்னை கடற்கரை மரம், மட்டைதான் அதற்குப் படகு. குளோசாப்டெரிஸ் விதைக்கு அப்படி மட்டையும் கிடையாது, காற்றில் கடல் தாண்டும் அளவுக்கு வித்தி மாதிரி லேசாகவும் இல்லை. ஒரு செடி மட்டும் ஒத்துப்போனால்கூடத் தற்செயல் என்று விட்டுவிடலாம். இங்கே பாறை வரிசையே ஒத்துப்போகிறது. தால்சேரிலேயே நிலக்கரி அடுக்குக்குக் கீழே பனியாறு உருட்டிக் கொண்டுவந்த உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. ஒடிசாவில் பனியாறு! 1850களில் இதைப் பார்த்த நிலவியலாளர்கள் திகைத்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் அதே கதைதான்: கீழே பனியாற்றுக் கற்கள், மேலே குளோசாப்டெரிஸ். இந்தியா அன்று தென்துருவத்துக்குப் பக்கத்தில், மற்ற தெற்குக் கண்டங்களோடு ஒட்டி இருந்தது என்று வைத்தால்தான் இவ்வளவும் ஒன்றாகப் பொருந்துகிறது. செடிக்குக் கால் கிடையாது, நிலம்தான் அதைச் சுமந்துகொண்டு நகர்ந்தது.

ஸ்காட் குழுவினர் சாகும்போதும் புதைபடிவக் கற்களை விடவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1912 பிப்ரவரியில், தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில், பிரிட்டிஷ் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு பியர்ட்மோர் பனியாற்றுப் பக்கம் நின்று பாறைகள் சேகரித்தது. பசி, பனிக்கடி, ஸ்லெட்ஜ் வண்டியைக் கையால் இழுக்கும் நிலை. அப்படியும் சுமார் 16 கிலோ கற்களை எறியவில்லை. அந்த நவம்பரில் அவர்களின் உடல்களோடு அந்தக் கற்களையும் கண்டெடுத்தார்கள். கேம்பிரிட்ஜின் ஏ. சி. சேவர்ட் அவற்றை ஆராய்ந்து 1914இல் வெளியிட்டார். உள்ளே குளோசாப்டெரிஸ் இலை. இனப்பெயர் ‘இண்டிகா’. அண்டார்டிகாவின் பனிக்கு நடுவே இந்தியாவின் பெயர் கொண்ட இலை! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் கொஞ்சம் மாறிவிடும்.

அந்த சேவர்டிடம் படித்தவர்தான் இந்தியத் தாவரப் புதைபடிவ ஆய்வாளர் பீர்பால் சாஹ்னி. குருவும் சீடரும் சேர்ந்து 1920இல் இந்தியக் கோண்டுவானாத் தாவரங்களை மறுபடி ஆராய்ந்து எழுதினார்கள். லக்னோவில் சாஹ்னி தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். புதைபடிவங்களைப் பதித்துச் செய்த அடிக்கல் அது. ஒரே வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். அவர் மனைவி சாவித்திரி சாஹ்னி நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தார். இன்றும் அது அவர் பெயரில் இயங்குகிறது.

அப்படியானால் கோண்டுவானாதான் குமரிக்கண்டமா?

பெற்றோரிடமிருந்து கட்டாயம் வரும் கேள்வி, ஆசையோடு கேட்கிறார்கள். பதில், இல்லை. கோண்டுவானா உடைந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு. மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்தே சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அந்தக் காட்டில் தமிழ் பேச யாரும் இல்லை. லெமூரியா என்பது 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் குரங்குகளின் பரவலை விளக்கக் கற்பனை செய்த நிலம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அதற்குத் தேவையில்லாமல் போனது. இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் தனியாக ஆராய வேண்டிய விஷயம். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு ஏறிய கடல் கரையோர நிலத்தை விழுங்கியது உண்மைதான். கோண்டுவானாவையும் கடல்கோளையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டுக்குமே நஷ்டம்.

சென்னைக்குப் பக்கத்தில் இப்படி ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், நாற்பது கிலோமீட்டரில்! ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள களிக்கல் அடுக்குகள் கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை, சுமார் 12, 13 கோடி ஆண்டுகள். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தப் பகுதியையும் ஆராய்ந்திருக்கிறார். இங்கே கிடைத்த இலைகளை ஒட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்தார்.

என் பெட்டியிலுள்ள துண்டு உள்ளங்கை அளவு. வெளிறிய சந்தன நிறம், நகத்தால் கீறினால் மாவு உதிரும். அதன்மேல் துருப்பிடித்த பழுப்பில் ஓர் இலை. நடுக்காம்பின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகச் சிற்றிலைகள். டைலோஃபில்லம் என்று பெயர். பார்த்த உடனே பங்களா வாசல்களில் வைக்கும் சைகஸ் செடி என்று எல்லோரும் சொல்வார்கள். தோற்றம் அப்படித்தான். ஆனால் இலைத்துளைகளின் அமைப்பு வேறு. இது முழுக்க அழிந்துபோன பென்னட்டைட்டேல்ஸ் என்ற தாவரக் குழு. கூடவே பெரணிகள், ஊசியிலை மரங்கள். அந்த ஊசியிலை மரங்களில் சில, இன்று நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிற அராக்கேரியாவின் உறவு. அந்தக் காட்டில் மாமரம் இல்லை, வேம்பு இல்லை, தரையில் புல்கூட இல்லை. இலைகளோடு கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளும் இருக்கின்றன. கரையோரம் என்று அதிலிருந்து தெரிகிறது.

எந்தக் கடல்? அதுதான் விசேஷம். நம் கிழக்குக் கரை அதுவரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. நடுவில் நிலம் பிளந்து, பள்ளம் விழுந்து, அதில் புதுக்கடல் எட்டிப்பார்த்த சமயத்தில் படிந்த சேறுதான் இந்தக் களிக்கல். 1903இல் சுவீடன் நாட்டுப் பயணக்குழுவைச் சேர்ந்த மூன்று பேர் அண்டார்டிகாவின் ஹோப் பே என்ற இடத்தில் சிக்கி, கல்லடுக்கிய குடிசையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழித்தார்கள். அங்கே சேகரித்த இலைகளை 1913இல் ஹாலே விவரித்தபோது, அவற்றிலும் டைலோஃபில்லம் இருந்தது. மெரினாவில் நின்று கடலைப் பார்க்கும்போது எதிர்க்கரை எது என்று யாராவது கேட்டால், நான் அந்தமானைச் சொல்வதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இப்போது தொழிற்சாலைப் பட்டணம். முன்பு ஓடைக்கரையில் தெரிந்த அடுக்குகள் பல இடங்களில் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டன. அஸ்திவாரத்துக்கும் கிணற்றுக்கும் தோண்டிக் கொட்டும் வெளிறிய மண்ணை லாரி ஏறுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளில் தேடலாமா?

வேண்டாம். அது சார்னகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது. செடி இருக்க வழியில்லை.

திருவக்கரை கல்மரங்களும் அதே காலமா?

இல்லை, மிக இளையவை. சுமார் 2 கோடி ஆண்டுகள், கடலூர் மணற்கல் அடுக்கு. 1781இல் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதினார். கிளையும் வேரும் இல்லாத மொட்டை மரங்களாகக் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் வந்து ஒதுங்கியவை என்று தெரிகிறது. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் கல்மரம் கிரெட்டேசியஸ் காலத்தது, கடலடிப் படிவில் கிடைத்தது. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. வெளியூர் போக முடியாவிட்டால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போங்கள்.

வீட்டுத் தரைக்கல்லில் பெரணி மாதிரி கறுப்பாக இருக்கிறது. புதைபடிவம்தானே?

அநேகமாக இல்லை. மாங்கனீசு கரைந்த நீர் கல்லின் விரிசல் வழியே புகுந்து, காய்ந்து வரைந்த கோலம் அது. டெண்ட்ரைட் என்பார்கள். கைலென்ஸில் பாருங்கள். இலை என்றால் நடு நரம்பு இருக்கும், சிற்றிலைகள் ஒரே ஒழுங்கில் வரும், விளிம்பு முடியும் இடம் தெளிவாக இருக்கும். இது விரிசல் ஓரத்தில் தொடங்கி மனம்போல் கிளைத்துக்கொண்டே போகும். வாட்ஸப்பில் எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை இவைதான். அனுப்புகிறவர்கள் ஏமாந்துபோவார்களே என்று ஒவ்வொரு தடவையும் தயங்கித்தான் பதில் எழுதுகிறேன்.

உண்மையிலேயே ஒரு இலைக்கல் கிடைத்தால் என்ன செய்வது?

கழுவாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். முதல் வேலை, இடத்தை எழுதுவது. ஊர், ஓடையா கிணறா, எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண், தேதி. போனில் இருப்பிடத்தோடு ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வையுங்கள். பிறகு பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறையில் காட்டுங்கள்.

இடத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா ரயில்வே வேலையில் ஊர் ஊராக மாறியவர். அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் அழகான குளோசாப்டெரிஸ் இலை ஒன்று இருந்தது, வலை நரம்புகூடச் சிதையவில்லை. எந்த ஊரில் எடுத்தார் என்று எங்கும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் ஆசையாகப் பார்த்தார். ‘இனத்தைச் சொல்லிடுவேன் தம்பி, ஆனா இதை வெச்சு எந்தப் படத்துலயும் ஒரு புள்ளி வைக்க முடியாதே’ என்று திருப்பிக் கொடுத்தார். ஒரே இலை இந்தியாவிலும் அண்டார்டிகாவிலும் இருந்தது என்று நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், கல்லோடு அது கிடைத்த இடத்தையும் யாரோ எழுதி வைத்ததுதான். தாத்தாவின் கல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்த் துண்டின் பின்பக்கத்தில் நான் ஒட்டிய காகிதத்தில் நான்கு வரி இருக்கிறது, அதைப் பிள்ளைகளிடம் இலையைக் காட்டுவதற்கு முன்பே காட்டுகிறேன்.